ஒரு கல், ஒரு கும்பிடு: இரண்டு மௌனப் படங்களைச் சேர்த்துப் பார்ப்பது எப்படி

எங்கள் பள்ளியில் எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்குச் சனிக்கிழமை மதியம் படம் போட்டுக் காட்ட ஆரம்பித்து ஆறு வருஷம் ஆகிறது. நான் தமிழ் எடுக்கிறவள். கதை, கவிதை என்று எதை நடத்தினாலும் "ஒப்பிடுக" என்று ஒரு கேள்வி கட்டாயம் வரும். அந்தப் பழக்கத்தில் முதல் வருஷம் இரண்டு படங்களைக் காட்டிவிட்டு, கரும்பலகையின் நடுவில் கோடு கிழித்து, ஒரு பக்கம் ஒற்றுமை, மறுபக்கம் வேற்றுமை என்று எழுதினேன். பத்து நிமிஷத்தில் பலகை நிறைந்துவிட்டது. "இதில் ஒரு பையன், அதில் இரண்டு பையன்கள்." "இது அமெரிக்கா, அது ஜப்பான்." "இதில் வீட்டில் அம்மா இல்லை, அதில் இருக்கிறார்." ஒரு வரிகூடத் தப்பில்லை. ஆனால் படம் ஓடும்போது அந்தப் பிள்ளைகளின் முகத்தில் நான் பார்த்த எதுவும் பலகையில் இல்லை. ஒரு பெண் அழுதிருந்தாள். அவள் எழுதிய வரி, "இரண்டும் கறுப்பு வெள்ளைப் படங்கள்."

அன்றோடு அந்தக் கோட்டை அழித்துவிட்டேன். அதற்குப் பிறகு வருஷா வருஷம் அதே இரண்டு படங்களைத்தான் காட்டுகிறேன். பார்க்கும் விதத்தைத்தான் மாற்றிக்கொண்டே வந்தேன். கைக்கு வந்த முறையை இங்கே எழுதுகிறேன். வீட்டில் பிள்ளைகளோடு உட்கார்ந்து பார்க்கிறவர்களுக்கும், தனியாகப் பார்க்கிறவர்களுக்கும் இதே முறை போதும்.

படங்கள் இவை. ஒன்று, சார்லி சாப்ளின் 1921-இல் வெளியிட்ட 'தி கிட்'. அவர் இயக்கிய முதல் முழுநீளப் படம். தெருவில் கிடைத்த குழந்தையைச் சாப்ளின் வளர்க்கிறார். ஐந்து வருஷம் கழித்து அந்தப் பையன் கல்லெறிந்து ஜன்னல் கண்ணாடிகளை உடைக்கிறான். இன்னொன்று, யசுஜிரோ ஓசு 1932-இல் ஜப்பானின் ஷோச்சிகு நிறுவனத்துக்காக எடுத்தது. தோக்கியோவின் புறநகருக்குக் குடிவரும் குடும்பத்தில் இரண்டு பையன்கள். பள்ளிக்கு மட்டம் போடுகிறார்கள், தெருப் பையன்களோடு சண்டை போடுகிறார்கள், கடைசியில் அப்பாவையே எதிர்த்துச் சாப்பிடாமல் உட்கார்ந்துவிடுகிறார்கள்.

இரண்டாவது படத்தின் பெயரிலேயே கொஞ்சம் நிற்க வேண்டும். 'உமாரெத்தே வா மிதா கெரெதோ' என்பது ஜப்பானியப் பெயர். ஆங்கிலத்தில் 'ஐ வாஸ் பார்ன், பட்...' என்று போட்டிருப்பார்கள். ஜப்பானிய மொழியில் ஒரு காரியத்தைச் செய்து பார்த்தேன் என்பதற்கு, நம்மைப் போலவே, 'பார்' என்ற வினையைத்தான் பின்னால் சேர்க்கிறார்கள். ஆகவே அந்தப் பெயர் ஆங்கிலத்தைவிடத் தமிழில் நன்றாக உட்காருகிறது: 'பிறந்துதான் பார்த்தோம், ஆனாலும்...' சாப்பிட்டுப் பார்த்தோம், போய்ப் பார்த்தோம் என்பதுபோல, பிறந்து பார்த்தோம். இதைச் சொன்னதும் வகுப்பில் எப்போதும் ஒரு சிரிப்பு வரும், பிறகு ஒரு அமைதி. தலைப்புக்கு முன்னால் 'பெரியவர்கள் பார்க்கும் படப்புத்தகம்' என்றும் ஒரு வரி உண்டு. பெரியவர்களுக்கு என்று ஓசு எழுதிவைத்ததை மறந்துவிடாதீர்கள்.

எந்தப் பிரதி என்று முதலில் பாருங்கள்

'தி கிட்' இரண்டு வடிவங்களில் கிடைக்கிறது. 1921-இல் வந்தது ஆறு ரீல், ஏறக்குறைய 68 நிமிஷம். 1971-இல் சாப்ளினே அதை மறுபடி வெளியிட்டபோது, பையனின் தாயாக எட்னா பர்வையன்ஸ் வரும் சில காட்சிகளை வெட்டினார். தானே இசையமைத்துச் சேர்த்தார். அது 53 நிமிஷம் சுமாருக்கு ஓடும். எளிதாகக் கையில் கிடைப்பது பெரும்பாலும் இதுதான். எதைப் பார்த்தாலும் தப்பில்லை. ஆனால் குறைந்த வடிவத்தைப் பார்த்துவிட்டு, "சாப்ளின் தாயைப் பற்றி அதிகம் கவலைப்படவில்லை" என்று யாராவது சொன்னால் அது அநியாயம். 31 வயதில் எடுத்ததை 82 வயதில் அவர் வெட்டியிருக்கிறார். படம் ஓடும் நேரத்தை நோட்டில் முதல் வரியாக எழுதிக்கொள்ளுங்கள். ஓசுவின் படம் ஒன்றரை மணி நேரம். பாதியில் நிறுத்தி மறுநாள் தொடராதீர்கள். அதன் கனம் கடைசி அரைமணி நேரத்தில்தான் இறங்குகிறது.

சத்தத்தை நிறுத்துங்கள்

மௌனப்படம் என்றாலும் நம் கைக்கு வருவது இசையோடுதான் வருகிறது. 1971-இன் இசை சாப்ளினுடையதுதான், அழகானதும்கூட. ஆனால் எங்கே அழ வேண்டும் என்று அது முன்கூட்டியே சொல்லிவிடும். ஓசுவின் படத்துக்குப் பிற்காலத்தில் பியானோ சேர்த்திருக்கிறார்கள். 1932-இல் தோக்கியோக் கொட்டகையில் அதைப் பார்த்தவர்களுக்குத் திரைக்குப் பக்கத்தில் நின்று எல்லாப் பாத்திரங்களுக்கும் குரல் கொடுக்கும் பென்ஷி என்பவர் இருந்தார். அமெரிக்கா பேசும் படத்துக்கு மாறி ஐந்து வருஷமான பிறகும் ஜப்பானில் மௌனப்படம் தழைத்திருந்ததற்கு அவர்களும் ஒரு காரணம். ஓசு தன் முதல் பேசும் படத்தை எடுத்தது 1936-இல்தான். நம் ஊர்க் கொட்டகைகளிலும் மௌனப்பட நாட்களில் திரையருகே நின்று கதை சொல்லுகிறவர்கள் இருந்தார்கள்.

ஆகவே ஒன்றில் வயலின், இன்னொன்றில் பியானோ என்று கேட்டுக்கொண்டு ஒப்பிட்டால், பாதி நேரம் இசையைத்தான் ஒப்பிட்டுக்கொண்டிருப்போம். முதல் தடவை இரண்டையும் ஸ்பீக்கரை நிறுத்திவிட்டுப் பாருங்கள். ஐந்து நிமிஷம் சங்கடமாக இருக்கும். அதற்குப் பிறகு பிள்ளைகள் தாங்களாகவே பென்ஷி ஆகிவிடுகிறார்கள். "டேய் ஓடுடா, பின்னாடி நிக்கிறாரு" என்று ஒருவன் ஆரம்பித்தால் போதும். தடுக்காதீர்கள். யாருக்காகக் குரல் கொடுக்கிறார்கள் என்று மட்டும் கவனியுங்கள். சாப்ளின் படத்தில் என் பிள்ளைகள் பையனுக்கும் குரல் கொடுப்பார்கள், சாப்ளினுக்கும் கொடுப்பார்கள். ஓசு படத்தில் பையன்களுக்கு மட்டும்தான் கொடுப்பார்கள். அப்பா வரும்போது அறை அமைதியாகிவிடும். ஒப்பீடு அந்த இடத்திலேயே தொடங்கிவிடுகிறது.

எதை முதலில் போடுவது என்று கேட்பார்கள். சாப்ளின் முதலில். இடையில் ஒரு வாரம் விடுங்கள். மாற்றிப் போட்டு ஒரு வருஷம் பார்த்தேன். ஓசுவின் அப்பாவைப் பார்த்துவிட்டு வந்தவர்களுக்குச் சாப்ளின் வெறும் இனிப்பாகத் தெரிந்தார். அது அவருக்குச் செய்யும் துரோகம்.

ஒரே ஒரு கேள்வி

இரண்டு படத்தையும் பார்க்கும்போது கையில் ஒரு கேள்வி மட்டும் இருக்கட்டும்: குறும்பு நடக்கும் நிமிஷத்தில் பெரியவர் எங்கே நிற்கிறார்? எங்கே என்றால் நிஜமாகவே எங்கே: பக்கத்திலா, பின்னாலா, மூலை திரும்பினாலா, ஊரிலேயே இல்லையா. ஒரு தாளில் சின்னச் சின்னக் கட்டங்கள் போட்டு, பையனுக்கு ஒரு புள்ளி, பெரியவருக்கு ஒரு புள்ளி வையுங்கள். படம் வரையத் தெரிந்திருக்க வேண்டியதில்லை.

இந்தக் கேள்வியைக் கையில் வைத்துக்கொண்டு 'தி கிட்'டில் கண்ணாடிக் காட்சிக்கு வாருங்கள். பையன் முன்னால் போய் ஜன்னலில் கல்லை விட்டெறிகிறான், ஓடுகிறான். சற்று நேரத்தில் முதுகில் கண்ணாடிப் பலகைகளை மாட்டிக்கொண்டு, தற்செயலாக அந்தத் தெருவழியே போகிறவரைப்போலச் சாப்ளின் வருகிறார். வீட்டுக்காரி கூப்பிடுகிறாள், வேலை கிடைத்தது. இன்னொரு இடத்தில் பையன் எறிவதற்குக் கையைப் பின்னால் இழுக்கிறான். அவன் பின்னால் ஒரு போலீஸ்காரர் வந்து நிற்கிறார். இந்த இடத்தை நான் எத்தனையோ தடவை பார்த்திருந்தேன். போன வருஷம் முன்வரிசையில் உட்கார்ந்திருந்த ஒரு பையன் "திருப்பிப் போடுங்க டீச்சர்" என்றான். போட்டேன். "அவன் போலீசைப் பார்க்கல டீச்சர். அவன் கைதான் முதல்ல கண்டுபிடிச்சுச்சு" என்றான். உண்மை. பின்னால் இழுத்த கை சீருடையில் முட்டுகிறது. கண் அப்புறம்தான் திரும்புகிறது. அதற்குப் பிறகு அந்த ஐந்து வயது முகத்தில், ஒன்றுமே நடக்காததுபோல மெல்ல நழுவும் அந்தப் பாவனை! ஜாக்கி கூகன் 1914 அக்டோபரில் பிறந்தவர். படம் எடுத்தபோது அவருக்கு நாலும் ஐந்தும்தான். தகப்பனார் மேடை ஆட்டக்காரர். பையன் மேடையில் செய்ததைப் பார்த்துத்தான் சாப்ளின் கூட்டிவந்தார்.

பிறகு போலீஸ்காரருக்குக் கணக்குப் புரிகிறது. பையன் தன் ஆளிடம் ஓடி வருகிறான். சாப்ளின் அவனை யாரென்றே தெரியாததுபோலக் காலால் தள்ளிவிடுகிறார். எல்லாரும் சிரிப்பார்கள், நானும் சிரிப்பேன். தாளில் புள்ளி வைக்கும்போது கவனியுங்கள்: குறும்புக்குப் பின்னால் நிற்பவர் சாப்ளின், அவருக்குப் பின்னால் நிற்பது போலீஸ். பையனும் வளர்த்தவரும் ஒரே பக்கம். பிடிபட்டால் இருவருமே பிடிபடுவார்கள். அந்தக் குறும்பு ஒரு தொழில், கூட்டுத் தொழில். அதனால்தான் காலால் தள்ளியும் பையனுக்குக் கோபம் வரவில்லை. வீட்டில் அடுக்கடுக்காகப் பான்கேக் சுட்டுவைத்துவிட்டு, போர்வைக்குள் கிடக்கிறவரை எழுந்து சாப்பிட வரும்படி அவன்தான் அதட்டுகிறான். யார் யாரை வளர்க்கிறார்கள் என்றே தெரியாத வீடு அது.

அடுத்த சனிக்கிழமை, ஓசு. இங்கே கட்டங்கள் வேறு மாதிரி விழும். அண்ணன் ரியோய்ச்சி, தம்பி கெய்ஜி. தம்பியாக நடித்தவர் தோமியோ அவோகி. 1929-இல் ஓசு எடுத்த 'தொக்கான் கொசோ' என்ற சின்னப் படத்தில் கடத்தல்காரனே தாங்கமாட்டாமல் திருப்பிக் கொண்டுவந்து விடும் அளவுக்குக் குறும்பு செய்த பையன். அந்தப் படத்தின் பெயரே அவருக்குத் திரைப்பெயராக ஒட்டிக்கொண்டது. புது ஊரில் தெருப் பையன்கள் அடிப்பார்களோ என்று பயந்து சகோதரர்கள் பள்ளிக்குப் போவதில்லை. வெட்டவெளியில் உட்கார்ந்து கட்டுச்சோற்றைத் தின்கிறார்கள். எழுத்துப் பயிற்சித் தாளில் வாத்தியார் போடவேண்டிய நல்ல மதிப்பெண்ணை, சாக்கே மதுவை வீடுவீடாகக் கொண்டுவந்து கொடுக்கும் கடைப்பையனைக் கொண்டு போடச் சொல்லுகிறார்கள். வலு வரும் என்று குருவி முட்டையைத் தின்கிறார்கள். சைகை காட்டினால் எதிராளி பொத்தென்று மல்லாந்து படுத்துவிட வேண்டும், மறுபடி சைகை காட்டினால்தான் எழுந்திருக்கலாம் என்று ஒரு விளையாட்டு. என் வகுப்பில் அடுத்த திங்கட்கிழமையே வராந்தாவில் நாலு பேர் மல்லாந்து கிடப்பார்கள்.

இத்தனை நேரமும் அப்பா எங்கே? முதலாளி வீட்டுக்குப் பக்கத்தில் குடியிருந்தால் நல்லது என்றுதான் அந்த ஊருக்கே குடும்பத்தைக் கூட்டிவந்திருக்கிறார். பகலில் ஆபீசில் இருக்கிறார். வகுப்பறையில் பையன்களின் வரிசையைக் காட்டிவிட்டு, ஓசு ஆபீசுக்குத் தாவுகிறார். மேசைகளை ஒட்டிக் கேமரா நகர்கிறது. கடந்து போகும்போது ஒவ்வொருவராகக் கொட்டாவி விடுகிறார்கள். ஒருவர் விடவில்லை. கேமரா திரும்பி வருகிறது, அவரும் விடுகிறார், பிறகுதான் மேலே போகிறது. சிரிக்க வைக்கும் ஷாட். ஆனால் ஒரு கணக்கு அங்கே முடிந்துவிட்டது: இந்த வரிசையிலிருந்து அந்த வரிசைக்கு. பிடிவாதக்காரப் பையன்கள் வளர்ந்து போய் உட்காரப்போகும் மேசை அது.

கடைப்பையனை மறுபடி பாருங்கள். தெருவில் வம்பு செய்யும் பெரிய பையனை அடித்து விரட்டச் சொல்லுகிறார்கள், அடித்து விரட்டுகிறான். முதலாளியின் மகன் தாரோவையும் அடி என்றால் மாட்டேன் என்கிறான். காரணம், தாரோ வீட்டில் இவர்கள் வீட்டைவிட அதிகம் வாங்குகிறார்கள். அப்பா ஆபீசில் செய்வதை அந்தப் பையன் தெருவில் செய்துகாட்டிவிடுகிறான். சகோதரர்களுக்கு அப்போது புரியவில்லை. இரண்டாம் தடவை பார்க்கும் நமக்குப் புரியும். அதற்காகவாவது இரண்டாம் தடவை பாருங்கள்.

மெதுவாகப் பார்க்க வேண்டிய ஒரு காட்சி

எல்லாவற்றையும் ஒப்பிட முடியாது. ஒவ்வொரு படத்திலும் ஒரு காட்சியைத் தேர்ந்தெடுத்து, அதை மட்டும் நிறுத்தி நிறுத்திப் பாருங்கள். 'தி கிட்'டில் எனக்கு அது லாரிக் காட்சி. அநாதை இல்லத்து ஆட்கள் வந்து பையனைப் பிடித்து லாரியின் பின்தட்டில் போடுகிறார்கள். அவன் கைகளை நீட்டிக் கெஞ்சி அழுகிறான். சாப்ளின் கூரைகளின் மேல் ஓடி, லாரிக்குள் குதித்து, அவனை மீட்டு அணைத்துக்கொள்கிறார். ஓசுவில் அது முதலாளி வீட்டில் படம் காட்டும் காட்சி.

முதலாளி இவாசாகி சின்னக் கேமராவில் தானே எடுத்த படத்தை வீட்டில் போட்டுக் காட்டுகிறார். பையன்களும் தரையில் உட்கார்ந்து பார்க்கிறார்கள். மிருகக்காட்சிசாலை வருகிறது, வரிக்குதிரை வெள்ளையில் கறுப்பா, கறுப்பில் வெள்ளையா என்று சண்டை போடுகிறார்கள். இதுவரை சந்தோஷம். பிறகு திரையில் அவர்களுடைய அப்பா வருகிறார். வீட்டில் விறைப்பாக இருந்து, நன்றாகப் படி, பெரிய ஆளாக வா என்று சொல்லும் அப்பா. திரையில் முகத்தைக் கோணிக் கோணிக் காட்டுகிறார். முதலாளி சிரிக்க வேண்டும் என்பதற்காக. எல்லாரும் சிரிக்கிறார்கள். ரியோய்ச்சியும் கெய்ஜியும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்கிறார்கள். அறையில் உட்கார்ந்திருக்கும் நிஜ அப்பாவை ஓசு காட்டுகிறார். தன் பிள்ளைகள் பார்ப்பதை அவர் பார்க்கிறார். தத்சுவோ சைத்தோ என்ற நடிகர் அந்த இடத்தில் எதுவும் செய்வதில்லை. உட்கார்ந்திருக்கிறார், அவ்வளவுதான்.

இந்தக் காட்சியை முதல் தடவை பார்த்தபோது எனக்கு என் அப்பா ஞாபகம் வந்தது. அவர் ஒரு அரிசி ஆலையில் கணக்கு எழுதினார். எங்கள் தெருவில் அவர் குரலுக்குப் பயப்படாத பிள்ளை இல்லை. எனக்கு ஒன்பது வயதிருக்கும். பீஸ் கட்டப் பணம் வாங்க ஆலைக்குப் போயிருந்தேன். முதலாளி உள்ளே வந்ததும் அப்பா எழுந்து, தோளில் கிடந்த துண்டை எடுத்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார். அந்தக் கை அசைவு இன்றைக்கும் கண்ணில் நிற்கிறது. வீட்டுக்கு வந்து அன்று நான் சாப்பிடவில்லை. ஏன் என்று அம்மாவுக்குக் கடைசிவரை சொல்லவில்லை.

ஓசுவின் பையன்கள் சொல்லிவிடுகிறார்கள். தாரோவின் அப்பாவுக்கு ஏன் கும்பிடு போடுகிறீர்கள் என்று கேட்கிறார்கள். அவர் சம்பளம் தருகிறார். அப்படியானால் வாங்காதீர்கள். வாங்காவிட்டால் நீங்கள் எப்படிச் சாப்பிடுவீர்கள்? சரி, சாப்பிட மாட்டோம். இந்த நாலு படியையும் பலகையில் எழுதிப் பாருங்கள். அந்த உண்ணாவிரதம் அடம் இல்லை, தர்க்கம். அப்பாவிடம் அதற்குப் பதில் கிடையாது. பதில் இல்லாததால்தான் அடிக்கிறார். இரவு பிள்ளைகள் தூங்கிய பிறகு அப்பாவும் அம்மாவும் பக்கத்தில் நின்று பார்க்கிறார்கள். இவர்களுக்கும் நம்மைப்போல ஒரு வாழ்க்கைதானா என்று அப்பா வருந்துகிறார்.

இப்போது இரண்டு தாள்களையும் பக்கத்தில் வையுங்கள். சாப்ளின் படத்தில் பையனும் பெரியவரும் ஒரு பக்கம், அதிகாரம் எதிர்ப்பக்கம். அதிகாரத்துக்குச் சீருடை உண்டு, லாரி உண்டு. ஓடலாம், அடிக்கலாம், கூரைமேல் ஏறித் தாண்டலாம். ஓசு படத்தில் அதிகாரத்துக்கு முகம் சுளிப்புக்கூட இல்லை. முதலாளி நல்லவராகவே இருக்கிறார், படம் போட்டுக் காட்டுகிறார், அப்பாவைத் தன் காரில் ஏற்றிக்கொள்கிறார். எதிர்க்க ஆள் இல்லாததால் பையன்களின் கோபம் அப்பாமேல் விழுகிறது. ஜாக்கி கூகன் சாப்ளினுக்குக் கூட்டாளி. ரியோய்ச்சியும் கெய்ஜியும் அப்பாவுக்கு நீதிபதிகள். என்னைக் கேட்டால், இந்த இரண்டு படங்களையும் சேர்த்துப் பார்க்க வேண்டியதே இதைக் கண்டுகொள்வதற்குத்தான்: சேட்டை செய்யும் பிள்ளையைப் பார்த்தால் அவன் வீட்டுப் பெரியவர் யாருக்குப் பயப்படுகிறார் என்று தெரியும். பத்தொன்பது வருஷம் வகுப்பில் நின்றவளாக இதைச் சொல்லுகிறேன். ஜன்னலை உடைத்தான், வகுப்பைக் கட் அடித்தான் என்று ஒருவனை என் முன்னால் கொண்டுவந்து நிறுத்தும்போது, முன்பெல்லாம் "ஏன்டா செய்தாய்" என்று கேட்பேன். இப்போது வீட்டில் என்ன நடந்தது என்று கேட்கிறேன்.

உயர்வு தாழ்வு சொல்லும் ஆசை வரும். சாப்ளின் உருக்குகிறார், ஓசு ஆழமானவர் என்று ஒரு பேச்சு உண்டு. அதில் விழாதீர்கள். சாப்ளினின் கனவுக் காட்சி, தெருவில் எல்லாரும் இறக்கை கட்டிப் பறப்பது, எனக்கு இன்றும் படத்தோடு ஒட்டவில்லை, அதை ஒளிக்கவில்லை. ஆனால் லாரியில் நீளும் அந்த இரண்டு கைகளுக்கு ஈடாக வேறொன்றை நான் பார்த்ததில்லை.

வாழ்க்கை வரலாறு கடைசியில்

இதைப் படம் முடிந்து, தாள்களை நிரப்பிய பிறகுதான் சொல்ல வேண்டும். முன்னாடியே சொன்னால் பிள்ளைகள் படத்தில் அதைத் தேட ஆரம்பித்துவிடுவார்கள்.

சாப்ளின் 1896-இல், ஏழு வயதில், லண்டனில் லாம்பெத் ஏழைகள் விடுதிக்கு அனுப்பப்பட்டவர். அங்கிருந்து ஹான்வெல்லில் இருந்த ஆதரவற்ற பிள்ளைகளின் பள்ளிக்கு. 1919 ஜூலையில் அவருடைய முதல் குழந்தை பிறந்து மூன்றே நாளில் இறந்தது. அதற்குச் சற்றுப் பின்னால்தான் இந்தப் படம் தொடங்கியது. லாரிக் காட்சியில் கூகன் அழுததைப் பற்றிச் சாப்ளின் தன் சுயசரிதையில் எழுதியிருக்கிறார்: அழாவிட்டால் உன்னை நிஜமாகவே ஏழைகள் விடுதிக்கு அனுப்பிவிடுவேன் என்று பையனின் அப்பாதான் மிரட்டினாராம். பிறகு பையன் சாப்ளினிடம், அப்பா சும்மாதான் சொன்னார் என்று எனக்குத் தெரியும் என்றானாம். இதைச் சொன்னால் வகுப்பில் நீண்ட விவாதம் வரும், வரட்டும். கூகன் பெரும் பணம் சம்பாதித்தார். வளர்ந்து கேட்டபோது தாயும் மாற்றாந்தகப்பனும் அதைச் செலவழித்திருந்தார்கள். 1938-இல் வழக்குப் போட்டார். அதன் விளைவாக 1939-இல் கலிஃபோர்னியாவில் குழந்தை நடிகர்களின் சம்பாத்தியத்தில் ஒரு பங்கைப் பத்திரப்படுத்தும் சட்டம் வந்தது. இன்றும் அவர் பெயரில்தான் அதைச் சொல்லுகிறார்கள். திரையில் வளர்ப்புத் தகப்பனை விட்டுப் பிரிய மாட்டேன் என்று அழுத பையனுக்கு, வெளியே பெற்றவள்மேல் வழக்குப் போட நேர்ந்தது.

ஓசுவும் வாத்தியார்களிடம் நல்ல பெயர் எடுத்த பையன் இல்லை. 1903-இல் தோக்கியோவில் பிறந்தவர். பத்து வயதுக்குள் அம்மாவோடு மத்சுசாகாவுக்குப் போனார், அப்பா தோக்கியோவில் தங்கிவிட்டார். பள்ளி விடுதியிலிருந்து வெளியேற்றப்பட்டார். சினிமா பைத்தியம். 1922-இல் ஒரு மலைக் கிராமப் பள்ளியில் ஒரு வருஷம் தற்காலிக ஆசிரியராக இருந்தார், அடுத்த வருஷம் ஷோச்சிகுவில் கேமரா உதவியாளராகச் சேர்ந்தார். பிள்ளைகளின் கண்மட்டத்துக்கு அவர் கேமரா இறங்கியதற்கு அந்த ஒரு வருஷம் உதவியிருக்கும் என்று ஒரு வாத்தியாராக நான் நினைத்துக்கொள்வேன்.

இன்னொன்றையும் கடைசிக்கு வையுங்கள். மறுநாள் காலை அம்மா கொண்டுவந்த சோற்றுருண்டைகளை, முதலில் முறைத்துக்கொண்டிருந்த பையன்கள் தின்கிறார்கள். அப்பாவும் பக்கத்தில் வந்து உட்காருகிறார். பெரியவனானதும் என்ன ஆகப்போகிறாய் என்று தம்பியைக் கேட்கிறார். லெப்டினன்ட் ஜெனரல். ஏன் ஜெனரல் ஆகக்கூடாது? அது அண்ணனுக்கு. பார்க்கிறவர்கள் சிரிப்பார்கள். சிரித்து முடித்த பிறகு ஆண்டை எழுதச் சொல்லுங்கள்: 1932. ஜப்பானியப் படை மஞ்சூரியாவுக்குள் நுழைந்தது 1931 செப்டம்பரில். எட்டு, பத்து வயதுப் பையன்களுக்கு 1944-இல் என்ன வயது என்று கூட்டச் சொல்லுங்கள். ஓசுவையே 1937-இல் சீனாவுக்குப் போர்முனைக்கு அனுப்பினார்கள். இந்தக் கணக்கை நான் விளக்குவதில்லை. கூட்டி முடித்ததும் அவர்களுக்கே தெரிந்துவிடும்.

கடைசியாக ஒரு வேலை

இரண்டு படங்களின் முடிவை மட்டும் திரும்பப் போடுங்கள். ஒன்றில் போலீஸ்காரர் சாப்ளினைக் காரில் கூட்டிக்கொண்டு போய், பையனின் தாயுடைய பெரிய வீட்டு வாசலில் விடுகிறார். கதவு திறக்கிறது, பையன் தாவிக் கட்டிக்கொள்கிறான், உள்ளே போகிறார்கள். கதவுக்குப் பின்னால் என்ன நடந்தது என்று சாப்ளின் காட்டவில்லை. மற்றதில் ரயில்வே கேட். முதலாளியின் கார் நிற்கிறது. அப்பா தயங்குகிறார், பிள்ளைகள் பக்கத்தில் இருக்கிறார்களே. பையன்கள்தான் சொல்லுகிறார்கள், அப்பா, போய்க் கும்பிடு போடுங்கள் என்று. அவர் போய்ப் போடுகிறார். பையன்கள் தாரோவோடு சேர்ந்து பள்ளிக்கு நடக்கிறார்கள்.

இந்த இரண்டு இடங்களிலும் அந்தப் பெரியவரின் குரலில் ஐந்து வரி எழுதச் சொல்லுங்கள். ஒன்று சாப்ளினாக, ஒன்று அந்த அப்பாவாக. நான் திருத்துவதில்லை, மதிப்பெண்ணும் போடுவதில்லை. போன வருஷம் ஒரு பெண் அப்பாவாக எழுதியதில் இரண்டாவது வரி: "என் மகன் என்னை மன்னிச்சுட்டான். அவனுக்கு அதுக்கு வயசாகல." அவள் அப்பா ஒரு ஜவுளிக்கடையில் வேலை செய்கிறார். தாளை மடித்து என்னிடம் கொடுத்துவிட்டு, அடுத்து என்ன படம் டீச்சர் என்று கேட்டாள்.

ஓசு 1959-இல் கலரில் எடுத்த 'ஒஹாயோ'. டி.வி. வாங்கித் தரச் சொல்லி இரண்டு சகோதரர்கள் பேசமாட்டோம் என்று வாயை மூடிக்கொள்கிறார்கள். இந்த இரண்டு படங்களோடு அதை மூன்றாவதாகப் போட்டால் நன்றாகச் சேரும். அதைமட்டும் சத்தத்தோடு போடுங்கள்.